சேட்டு அங்கிள் கொடுத்தனுப்பச் சொன்ன பார்சல்

நம் வயதுக்காரர்களிடம் சொன்னால்தான் இது புரியும். நம் பிள்ளைகளிடம் சொன்னால் 'ஸோ வாட்?' என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடும்.

தொண்ணூறுகளில் கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் குடித்தனம் நடத்திய தமிழ் வீடு ஒவ்வொன்றிலும், சமையல் மேடைக்குக் கீழே தரையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்திருக்கும். நினைவிருக்கிறதா? ஊரிலிருந்து தூக்கி வந்த மிக்சிக்கு ஊர் கரண்ட் வேண்டும். இங்கே சுவரில் வருவது அதில் பாதி. பாதியை முழுசாக்கித் தரத்தான் அந்தச் சாம்பல் நிற இரும்புப் பெட்டி. அம்மா சட்னி அரைக்கும்போது அது உர்ரென்று உறுமும். சூடேறிய பெயின்ட் வாசனையும் பொட்டுக்கடலை வாசனையும் கலந்து வரும். அதில் கால் பெருவிரலை இடித்துக்கொண்டு அழாத குழந்தை எங்கள் அபார்ட்மென்ட் காம்ப்ளெக்ஸில் கிடையாது.

இன்றைக்கு யார் வீட்டிலும் அது இல்லை. இந்த ஊர் கரண்டுக்கென்றே செய்த மிக்சியை இந்தியக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அப்படிச் செய்து விற்கும் கம்பெனிகளில் ஒன்று ஒரு மார்வாடிக் குடும்பத்துடையது. பெயர் வேண்டாம். அவர்களுடைய வெப்சைட்டில் 'எங்கள் கதை' என்று ஒரு பக்கம் இருக்கிறது. சௌகார்பேட்டையில் அண்ணனின் பட்டறை, ஃப்ரீமான்ட்டில் தம்பியின் கராஜ், மூத்தோர் ஆசி, கடின உழைப்பு என்று போகிறது. ஆசியைப் பற்றி எனக்குத் தெரியாது. நான் பார்த்த வரைக்கும் அந்தக் கம்பெனியைக் கிளப்பிவிட்டது சந்தேகம். ஆரம்பித்து வைத்தது என் அம்மா. பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்தத் தம்பி எங்கள் காம்ப்ளெக்ஸில் எதிர் பிளாக்கில் குடியிருந்தார். மனைவியின் அக்கா ஸ்பான்சர் செய்து வந்தவர். சன்னிவேலில் ஒரு எலக்ட்ரானிக் சாமான் கடையில் ஸ்டோர் கீப்பர். முகத்துக்கு நேரே எல்லோரும் அவரை அங்கிள், சார் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் சேட்டு. சினிமாவில் வரும் சேட்டு மாதிரி 'நம்பள்கி நிம்பள்கி' என்றெல்லாம் அவர் பேச மாட்டார். மூன்று தலைமுறையாக மெட்ராஸ். எங்கள் அப்பாவின் கோயம்புத்தூர்த் தமிழைவிட அவருடைய மெட்ராஸ் தமிழ்தான் வேகமாக ஓடும். அதுவே அம்மாவுக்கு ஒரு குறை. "நம்மள மாதிரியே பேசறான் பாரு, அதான் பயமா இருக்கு" என்பாள்.

அம்மாவின் சந்தேகத்துக்கு ஒரு பூர்வகதை உண்டு. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது வீட்டு வளையல் ஜோடி ஒன்று மாம்பலத்தில் ஒரு அடகுக் கடைக்குப் போய் மூழ்கிவிட்டது. அந்தக் கடைக்காரருக்கும் இந்த மனிதருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் அம்மாவின் கணக்கில் உலகத்துச் சேட்டுகள் அனைவரும் ஒரே வீடு.

அப்பா அப்படியில்லை. அப்பா கூட்டத்தோடு சேராதவர். வீட்டுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடும் பாட்லக்கில் தட்டை ஏந்திக்கொண்டு சுவரோரம் நிற்பார். யாராவது ஆபீஸ் பற்றிக் கேட்டால் பதில் சொல்லிவிட்டு மறுபடி தட்டைப் பார்ப்பார். அவர் வாய்விட்டுச் சிரித்துப் பேசிய ஒரே ஆள் சேட்டு அங்கிள்தான். சனிக்கிழமை காலையில் இருவரும் எலிசபெத் ஏரியைச் சுற்றி நடப்பார்கள். நான் சைக்கிளில் முன்னால் போய் வாத்துகளை விரட்டிவிட்டுத் திரும்பி வருவேன். அமெரிக்காவில் அப்பாவுக்கு இருந்த ஒரே சிநேகிதர் அவர். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இந்தக் கதையில் தொலைந்தது அதுதான்.

அந்த நடையில்தான் ஒரு நாள் அப்பா சொன்னார். எங்கள் வீட்டு மிக்சி மறுபடி புகைந்து நின்றிருந்தது.

"டிரான்ஸ்ஃபார்மரே வேணாங்க சார். மோட்டார் உள்ள இருக்கற கம்பிய அவுத்துட்டு, கனமான கம்பியா பாதிச் சுத்து சுத்தினாப் போதும். இந்த ஊரு கரண்ட்லயே ஓடும்."

அங்கிள் நின்றுவிட்டார். "நெஜமாவா சார்?"

"காலேஜ்ல படிச்சதுங்க. யாரு உக்காந்து சுத்தறது?" என்று சிரித்துவிட்டு அப்பா நடந்தார். அங்கிள் கொஞ்சம் பின்தங்கியே வந்தார். அப்பா வேறு ஏதோ பேச ஆரம்பித்திருந்தார்.

அதற்கடுத்த மாதங்களில் அங்கிள் காம்ப்ளெக்ஸ் முழுக்கப் புகைந்துபோன மிக்சிகளைக் கேட்டு வாங்கினார். "குடுங்க, சும்மா பாக்கறேன்" என்பார். போன மிக்சி திரும்பி வராது. அவருடைய கராஜ் பாதி திறந்திருக்கும். உள்ளே மிக்சிகள் வயிறு பிளந்து வரிசையாகக் கிடக்கும். வார்னிஷ் கருகிய வாசனை பார்க்கிங் வரைக்கும் அடிக்கும். சனிக்கிழமை பாட்லக்குகளில் இதே பேச்சு. செம்புக் கம்பியை உருவி விற்கிறான் என்றார் ஒரு அங்கிள். உள்ளே எதையோ ஒளித்து ஊருக்கு அனுப்புகிறான் என்றார் இன்னொருவர். அம்மா இரண்டையும் நம்பினாள்.

அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் என்று பிற்பாடு தெரிந்தது. புதுத் தொழில் என்றால், பூஜை போட்டு முதல் சரக்கு கைமாறும் வரைக்கும் வெளியாள் காதில் போடக் கூடாது. கண் பட்டுவிடும். சிநேகிதர் ஆனாலும் வெளியாள்தான்.

அந்தக் கோடையில் சித்தி கல்யாணத்துக்கு அம்மாவும் நானும் மெட்ராஸ் கிளம்பினோம். அப்பாவுக்கு லீவு இல்லை. எங்கள் கிரீன் கார்டு கேஸ் பாதியில் இருந்தது. போய்த் திரும்புவதற்கென்று வக்கீல் வாங்கிக் கொடுத்த லெட்டரை அம்மா பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அந்த உறையை இன்னொரு உறைக்குள் போட்டு வைத்திருந்தாள். ஏதாவது ஏடாகூடம் ஆனால் எல்லாம் போச்சு என்று வக்கீல் சொன்னாராம். அந்த 'ஏடாகூடம்' என்பது என்னவென்று அவர் விளக்கவில்லை. அதனால் எதைப் பார்த்தாலும் அம்மாவுக்கு அதுவாகவே தெரிந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் அங்கிள் வந்தார். "சிஸ்டர், வரும்போது ஒரே ஒரு சின்ன பார்சல். எங்க அண்ணனே உங்க வீட்டுக்குக் கொண்டாந்து குடுத்துடுவார்." முகத்துக்கு நேரே மறுக்க நமக்கெல்லாம் வருமா? "அதனால என்னங்க" என்றாள் அம்மா. கதவைச் சாத்தியதும் அப்பாவைப் பிடிபிடியென்று பிடித்தாள். அப்பா, "அவரு தப்பா ஒண்ணும் குடுக்க மாட்டாரு" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

திரும்பும் நாளன்று அம்மா பிறந்த மாம்பலம் வீட்டுக்கு அங்கிளின் அண்ணன், பெரிய சேட்டு, வந்தார். வெள்ளை ஜிப்பா, கையில் பழுப்பேறிய விரல்கள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து மோர் குடித்தார். காடாத் துணியில் சுற்றி நாலு பக்கமும் தைத்த பார்சல். ஊதா மையில் தம்பியின் விலாசம். தேங்காய் அளவுதான், ஆனால் என் கையைக் கீழே இழுத்தது.

"கையிலயே வச்சுக்கோங்கம்மா. பெட்டியில போட்டா அடிபட்டுடும்."

"உள்ள என்னங்க?"

"ஒண்ணுமில்லம்மா. வீட்டுச் சாமான்."

அவர் போனதும் என் மாமா அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். மோந்து பார்த்தார். "பிரிச்சுடலாமா?" என்றார். அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டாள். "ஒருத்தர் நம்பிக் குடுத்ததப் பிரிக்கக் கூடாது." அந்த நேரத்தில் அவள் அதை மனதாரத்தான் சொன்னாள்.

மீனம்பாக்கத்தில், யாராவது எதையாவது கொடுத்தனுப்பினார்களா என்று கேட்டார்கள். அம்மா இல்லை என்றாள். நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது என்று எனக்கு ஸ்கூலில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவள் என் கையை அமுக்கினாள்.

சிங்கப்பூரில் இறங்கி அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தோம். எதிர்ச் சுவரில் ஒரு போர்டு இருந்தது. அந்த வயதில் எனக்கு இங்கிலீஷ் படித்துக் காட்டுவதில் அலாதிப் பெருமை. சிவப்பு எழுத்தை உரக்கப் படித்தேன். போதைப் பொருள் கடத்தினால் மரண தண்டனை. படித்துவிட்டு, "டெத்னா சாவடிச்சுடுவாங்களாம்மா?" என்றும் கேட்டேன். இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன், அந்த வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அம்மா சட்டென்று எழுந்தாள். என்னை இழுத்துக்கொண்டு டாய்லெட்டுக்குப் போனாள். கடைசி அறையில் தாழ்ப்பாள் போட்டாள். என்னைப் பையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நகவெட்டியால் தையலை ஒவ்வொன்றாக வெட்டினாள். நறுக் நறுக்கென்ற அந்தச் சத்தமும் எலுமிச்சை வாசனை பினாயிலும் எனக்கு இன்னும் ஒன்றாகத்தான் நினைவுக்கு வருகின்றன. உள்ளே இந்திப் பேப்பர். அதற்குள் ஒரு இரும்பு உருளை, அதைச் சுற்றிப் பளபளவென்று செம்புக் கம்பி, கறுப்பு டேப், வெளியே நீட்டிக்கொண்டு இரண்டு சிவப்பு ஒயர்கள். கூடவே எங்களுக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் ஒரு துண்டுக் கடிதம், நிறைய எண்களோடு.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். "பாம்" என்றாள் அம்மா, எனக்கு மட்டும் கேட்கும் குரலில். அதைப் பேப்பரிலேயே சுற்றி, கடிதத்தையும் சேர்த்து, கை துடைக்கும் காகிதம் போடும் தொட்டியின் அடியில் திணித்தாள். பாம் என்று நம்பியதைத் தொட்டியில் போட்டுவிட்டு நடக்கலாமா என்றெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை. ஆனால் வேறொன்று தோன்றியது. காடாத் துணி நல்ல கெட்டித் துணி. அதை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் அப்பாவோடு அங்கிளும் வேன் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். பெட்டிகளை ஏற்றி, எனக்கு சீட் பெல்ட் போட்டுவிட்டு, வண்டி ஃப்ரீவேயில் ஏறும் வரைக்கும் எதுவும் கேட்கவில்லை. அம்மாவே ஆரம்பித்தாள்.

"உங்க பார்சல கஸ்டம்ஸ்ல எடுத்துக்கிட்டாங்க."

அங்கிள் கண்ணாடியில் பார்த்தார். "பேப்பர் ஏதாவது குடுத்தாங்களா சிஸ்டர்?"

"ஒண்ணும் குடுக்கல."

"குடுப்பாங்களே." பிறகு என்னைப் பார்த்தார். "நீயும் பாத்தியா கண்ணு?"

நான் தலையாட்டினேன். ஸ்கூலில் சொல்லிக் கொடுத்ததெல்லாம் அதோடு சரி.

"சாரி சிஸ்டர். என்னால உங்களுக்குக் கஷ்டம்" என்றார் அவர். வழியெல்லாம் இரண்டு தடவை அதையே சொன்னார்.

அதோடு விடுவார் என்று அம்மா நினைத்தாள். அவர் வியாபாரி வீட்டுப் பிள்ளை. போன சரக்கு எங்கே போனது என்று தெரிந்தாக வேண்டும். மறுநாள் லீவு போட்டுவிட்டு ஏர்போர்ட் கஸ்டம்ஸ் ஆபீசுக்கே போய்விட்டார். அப்பா சாதாரணமாக இதைச் சொன்னபோது அம்மாவின் கையிலிருந்த கரண்டி சிங்க்கில் விழுந்தது. எங்கள் பெயரைக் கொடுத்திருப்பாரா, வக்கீலுக்குக் கடிதம் போகுமா, கேஸ் என்னாகும் என்று அன்று முழுக்க ஜன்னலருகே நின்றாள். எதற்குப் பயந்து எறிந்தாளோ அதை அவளே வீட்டுக்கு அழைத்து வந்துவிட்ட மாதிரி ஆயிற்று.

சாயங்காலம் அங்கிள் வந்தார். எங்கள் பெயரைச் சொல்லவில்லையாம், விமானத்தை மட்டும் சொன்னாராம். "அந்த ஃபிளைட்ல எதுவுமே எடுக்கலன்னு சொல்றாங்க சார்." பிறகு, வேறு வழியில்லாமல், வழக்கத்தை மீறிச் சொன்னார். "உள்ள இருந்தது மிக்சி மோட்டார் காயில். ஏழெட்டு கருகிப் போச்சு. இது ஒண்ணுதான் நின்னுச்சு. அண்ணன் கையால சுத்தினது. கணக்கெல்லாம் அந்த லெட்டர்லதான் இருந்துச்சு, வேற காப்பி இல்ல."

அப்பாவின் முகம் மலர்ந்தது. "நான் அன்னிக்குச் சொன்னதா? செஞ்சே பாத்துட்டீங்களா?"

அங்கிள் அப்பாவைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை அப்போது புரியவில்லை. அம்மா அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். 'பயத்துல தூக்கிப் போட்டுட்டேன்' என்று நாலு வார்த்தை. காபி போடுகிறேன் என்று உள்ளே போனாள்.

பிறகு தீபாவளி வந்தது. சேட்டு ஆன்ட்டி காஜு கத்லி டப்பாவோடு வந்தார். அம்மா இட்லிப் பானையை இறக்கிக்கொண்டிருந்தாள். குக்கர் விசில் அடிக்க, "அக்கா, நான் இறக்கறேன்" என்று ஆன்ட்டி கை கொடுத்தார். அடுப்பருகே கிடந்த கரித்துணியை எடுத்தார். காடாத் துணி. எத்தனை தடவை துவைத்தும் ஊதா மை முழுக்கப் போகவில்லை. அவருடைய கணவரின் அண்ணன் கையெழுத்து, அவர் வீட்டு விலாசம்.

குக்கரை இறக்கி வைத்தார். துணியை உதறி, நாலாக மடித்து, மேடை மீது வைத்தார். "வரேன் அக்கா" என்று போய்விட்டார். டப்பாவைக்கூடத் திறந்து காட்டவில்லை.

கஸ்டம்ஸ் எடுத்த பார்சலின் துணி எங்கள் சமையலறையில் எப்படி வரும்? அவர்கள் யோசித்தது நியாயம்தான். அடுத்த சனிக்கிழமை அங்கிள் நடக்க வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. கராஜ் கதவு முழுக்கச் சாத்தியே இருந்தது. உள்ளே விளக்கு மட்டும் கதவடியில் தெரியும். பார்க்கிங்கில் எதிரே வந்தால் அப்பாவுக்கு ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான். கொஞ்ச நாளில் வேலையை விட்டார் என்றார்கள். கம்பெனி பதிந்தார், இறக்குமதி லைசென்ஸ் எடுத்தார், கப்பலில் கன்டெய்னர் வந்தது என்றார்கள். பேய் துரத்துகிற மாதிரி ஓடறான் என்று பாட்லக்கில் பேசிக்கொண்டார்கள். மூன்று வருஷத்துக்குள் சான்டா கிளாராவுக்குக் குடிபோனார்கள். சொல்லிக்கொள்ளவில்லை.

அப்பா அதன் பிறகு யாரோடும் நடக்கப் போகவில்லை. "நான் ஏதாவது தப்பாப் பேசிட்டனா?" என்று அம்மாவிடம் கேட்பார். பெரியவர் கேட்கும் கேள்வி இல்லை அது. குழந்தை கேட்பது போல இருக்கும். அம்மா, "பணம் வந்தா அவங்க அப்படித்தான்" என்பாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, எனக்குக் குறுகுறுத்தது. ஆனால் சொன்னால் கிரீன் கார்டு போய்விடும் என்று அம்மா என்னிடம் சொல்லியிருந்தாள். கிரீன் கார்டு வந்த பிறகும் நான் சொல்லவில்லை. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அப்பாவை வாரா வாரம் டயாலிசிஸுக்கு அழைத்துப் போய்க் காரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதும் சொல்லவில்லை. இதற்கு என்னிடம் சமாதானம் எதுவும் கிடையாது.

போன வருஷம் அப்பா இறந்தார். பத்தாம் நாள், முன்னறிவிப்பில்லாமல், மகன் கைத்தாங்கலாகப் பிடித்துவர, சேட்டு அங்கிள் துக்கம் கேட்க வந்தார். கண்ணில் புரை. அப்பா படத்துக்கு எதிரே உட்கார்ந்தார். எதற்காக வந்திருக்கிறார் என்று என் புத்தி கணக்குப் போட்டது. அம்மாவின் பெண்ணல்லவா நான்.

"ஒண்ணு கேக்கணும்மா," என்றார். "உங்க அப்பா ஏன் கடைசி வரைக்கும் ஆரம்பிக்கவே இல்ல?"

"எத அங்கிள்?"

"மிக்சி. ஐடியா அவரோடது. காயிலும் அவர் கையில இருந்துச்சு. எனக்கு முன்னாடி போட்டுடுவார்னு நாயா ஓடினேன். முப்பது வருஷம் கடைக்குக் கடை புதுப் பெட்டியப் பாத்தா, அவர் பேர் இருக்கான்னுதான் மொதல்ல பாப்பேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறை வாசலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அவருக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் சிங்கப்பூர்ல குப்பையில போட்டேன். பாம்னு நெனச்சேன். துணிய மட்டும் எடுத்துக்கிட்டேன்."

அங்கிள் அவளைப் பார்க்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு தடவ வீட்டுக்கு வந்தார்," என்றார். "கதவத் தட்டினார். ஜன்னல் வழியாப் பாத்தேன். கையில ஒரு பேப்பர். எழுதிக்கிட்டு பங்கு கேக்க வந்திருக்கார்னு நெனச்சேன். இல்லன்னு சொல்லச் சொல்லிட்டு உள்ளயே உக்காந்திருந்தேன்."

அந்தப் பேப்பர் என்னவென்று எனக்குத் தெரியும். நான் சொன்னேன். அண்ணன் எழுதிய கணக்கு தொலைந்துவிட்டதே என்று அப்பா இரண்டு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் கால்குலேட்டரோடு உட்கார்ந்து, எத்தனை சுற்று, எவ்வளவு கனம் என்று எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுப் பார்த்து, ஒரே தாளில் அழகாக எழுதி, அவரிடம் கொடுக்க எடுத்துப் போனார்.

"அந்த சுத்துக் கணக்கு பிடிபட எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு," என்றார் அங்கிள். மகன் தோளைத் தொட்டதும் கையைத் தட்டிவிட்டார். பிறகு என்னிடம் கேட்டார். "அந்தப் பேப்பர் இருக்காம்மா?"

"இல்ல அங்கிள்" என்றேன்.

அது உண்மைதான். ஆனால் முழுசாகச் சொல்லவில்லை. மூன்றாம் தடவை திரும்பி வந்த அப்பா ஷூவைக் கழற்றிவிட்டு, "வண்டி நிக்குது, ஆள் இல்ல போல" என்றார். தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த என்னிடம், ரஃப் பேப்பருக்கு வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டார். அங்கிள் ஏன் கதவைத் திறக்கவில்லை என்று எங்கள் வீட்டில் அம்மாவுக்கும் எனக்கும் ஓரளவு தெரியும். நான் அந்தத் தாளின் பின்பக்கம் மூன்று வகுத்தல் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கசக்கிப் போட்டேன்.